மாப்பிள்ளையின் வண்டியில் செக்கிங்

பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு டெப்போவில் வைத்த பெயர் எக்ஸ்ரே. வேலை முடிந்த பிறகும் பெயர் போகவில்லை, குணமும் போகவில்லை. பால் வந்தால் மோந்து பார்ப்பார். மழையில் மாட்டிக்கொண்டேன் என்று யாராவது தாமதமாக வந்தால், பேச்சுவாக்கில் அவர்கள் குடையைத் தொட்டுப் பார்ப்பார். பல்பு வாங்கினால் கடையிலேயே எரியவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் எரியவிட்டு, கடையில் இதைவிடப் பளிச்சென்று இருந்ததே என்று நாள் முழுக்க முணுமுணுப்பார். கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தால்கூட 'எங்க ஏறினீங்க?' என்று கேட்கிற ஆள் இவர் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புதான், ஆனால் பாதி நிஜம்.

அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை, வேலை அப்படி. ஓடுகிற வண்டியை நடுவழியில் நிறுத்தி ஏறிப் பாருங்கள், தெரியும். உள்ளே இருக்கிற அத்தனை பேரும் பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். டிக்கெட் இல்லாதவன் கண்ணை மூடிக் குறட்டை விடுவான், அடுத்தவர் பிள்ளையைக் கொஞ்சுவான், மேல்சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு வேறு ஆளாக நிற்பான். அதனால் எக்ஸ்ரே முகத்தையும் பார்க்க மாட்டார், சட்டையையும் பார்க்க மாட்டார். குனிந்து காலைப் பார்ப்பார். அந்த நெரிசலில் செருப்பை மாற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது. முன்படியில் பார்த்த செருப்பு பின்படி வழியாக நழுவினால் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார். பாவம் என்று ஒருத்தரைக்கூட விட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

அவருக்கு ஒரே பெண். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். அவன் பழைய வேன் ஒன்றை அறுத்து, உள்ளே அடுப்பு வைத்து, பன்னுக்குள் வறுத்த காளானும் முட்டையும் வைத்து விற்கிறானாம். போட்டோவையும் காட்டினாள். எக்ஸ்ரே அதைக் கிட்டத்திலும் தூரத்திலும் வைத்துப் பார்த்தார். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வண்டி ஓடுதா?" என்றார்.

நன்றாக ஓடுகிறது என்றாள் பெண். ஓடுகிறது என்று நீ சொல்கிறாய், நான் பார்த்தேனா என்றார் இவர். வருகிற ஞாயிறு மைதானத்தில் சாப்பாட்டு வண்டிகளின் திருவிழா நடக்கிறது, அவனும் அங்கே நிற்பான் என்று மனைவி எடுத்துக்கொடுத்தாள். அப்படியானால் நானே போய்ப் பார்க்கிறேன், நான் வருவது அவனுக்குத் தெரியக் கூடாது, வண்டி முன்னால் கூட்டம் இருந்தால் மேற்கொண்டு பேசலாம், ஈ ஓட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சை இத்தோடு மறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பெண் சரி என்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே அவருக்கு உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. ஊரில் அடுப்பே எரியவில்லையா என்று கேட்கிற மாதிரி ஜனம். ஜெனரேட்டர்கள் ஒரு பக்கம் உறுமின, புகை ஒரு பக்கம் கண்ணைக் கரித்தது. யாரோ தள்ளிய குழந்தை வண்டி அவர் கால் விரலில் ஏறி இறங்கியது. ருசி பார்க்கச் சொல்லி ஒரு பெண் சின்னக் கிண்ணத்தை நீட்டினாள். சும்மா கொடுக்கிறாள் என்றால் நேற்று மிஞ்சியதாகத்தான் இருக்கும் என்று கையை இழுத்துக்கொண்டார்.

தேடித் தேடிக் கடைசியில் அந்த வேனைக் கண்டுபிடித்தார். மைதானத்தின் கோடி மூலையில், கழிப்பறைகளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். இந்த மூலைக்கு எவன் வருவான் என்று நினைத்தால், வண்டி முன்னால் வரிசை நெளிந்து நெளிந்து நிற்கிறது! கழிப்பறை வரிசையும் சாப்பாட்டு வரிசையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதில், இது எதற்கு நிற்கிற வரிசை என்று ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

இவரும் போய் நின்றார். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெண்ணைப் பெற்றவர் அல்லவா. பிறகு பழக்கதோஷத்தில் குனிந்தார்.

மஞ்சள் நாடா கட்டிய பச்சைக் கான்வாஸ் ஷூ. வார் அறுந்து ஊக்கு குத்திய பெண்கள் செருப்பு. கட்டை விரலில் கட்டுப் போட்ட ஒரு பெரிய கால். மூன்றும் அவருக்கு முன்னால் நின்று, பன் வாங்கிக்கொண்டு, ஜெனரேட்டருக்குப் பின்னால் போயின. கொஞ்ச நேரத்தில் அதே பச்சை ஷூ வரிசையின் வாலில் வந்து ஒட்டிக்கொண்டது. அதன் பின்னால் ஊக்குச் செருப்பு. எக்ஸ்ரேயின் தலைக்குள் விசில் அடித்தது. அடப்பாவி, ஆள் பிடித்து நிறுத்தியிருக்கிறானே! இவனை நம்பியா பெண் இருக்கிறாள் என்று ஆத்திரம் வந்தது. உண்மையைச் சொன்னால், தன் கணக்கு தப்பவில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

கட்டுப் போட்ட காலும் மறுபடி வந்து, நெளிந்த வரிசையில் அவர் பக்கத்திலேயே நின்றதும், எட்டி அதன் சொந்தக்காரனின் மணிக்கட்டைப் பிடித்தார். தாடி வைத்த, வாட்டசாட்டமான ஆள்.

"எங்க ஏறினீங்க?" என்று கேட்டுவிட்டார்.

தாடிக்காரன் திருதிருவென்று விழித்தான். பிறகு அவரை யார் என்று புரிந்ததும் முகம் வெளிறிப் போயிற்று. அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அடிக்காத குறையாக இவர் கையை முறுக்க, உங்கள் பெண்தான் எங்களை எல்லாம் வரச் சொன்னார் என்று அவன் கக்கிவிட்டான். பெண்ணும் ஜெனரேட்டருக்குப் பின்னாலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள். ஓடி ஒளியவில்லை.

காலையில் வந்து பார்த்தபோது இந்த மூலையில் ஒரு ஆள் இல்லை என்றாள். அப்பா வந்து பார்த்தால் எல்லாம் முடிந்தது என்று பயந்து, கடையில் இருக்கிறவர்களைக் கெஞ்சிக் கூப்பிட்டாளாம். வேனுக்குள் இருப்பவனுக்கு இது தெரியாதாம். கொஞ்சம் பேர்தான் அவள் நிறுத்தியவர்கள், மற்றவர்கள் அந்த வரிசையைப் பார்த்துத் தானாக வந்தவர்களாம். எக்ஸ்ரே சுற்றிலும் பார்த்தார். எது வந்த கூட்டம், எது வரவழைத்த கூட்டம் என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. அது அவருக்குப் புதிது.

"நான் காலைத்தான் பார்ப்பேன்னு உனக்குத் தெரியாதா? செருப்பை மாத்திட்டு வரச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"தெரியும். வேணும்னுதான் சொல்லல."

"ஏன்?"

"கண்டுபிடிக்கிற அப்பாவைச் சின்ன வயசுலேர்ந்து பார்த்துட்டேன். கண்டுபிடிச்சும் சும்மா விடுற அப்பாவை ஒரு நாளும் பார்த்ததில்லப்பா. ஒரு தடவையாவது..."

பெண் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்ற கோபம் வர வேண்டிய இடத்தில், இவளுக்குத் தன்னிடம் இவ்வளவு பயமா என்ற நினைப்புதான் வந்தது. அதற்குள் பின்னாலிருந்தவர்கள் நெட்டித் தள்ள, வரிசை அவரை வேனின் ஜன்னலுக்குக் கொண்டுபோய்விட்டது.

போட்டோவில் பார்த்த அதே முகம், வியர்வையில் நனைந்திருந்தது. முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். பன்னை நீட்டியவன் கையை எடுக்கவில்லை. குனிந்து, சத்தம் குறைத்துப் பேசினான்.

"சார், ஒண்ணு கேட்கலாமா? காலையில ஈ காக்கா இல்ல. திடீர்னு இவ்ளோ கூட்டம். நிஜமாவே சாப்பிடத்தான் வந்திருக்காங்களா? இல்ல, யாராவது பாவம் பார்த்து அனுப்பி வச்சாங்களா? எனக்கு என்னமோ உறுத்திக்கிட்டே இருக்கு."

எக்ஸ்ரே அசந்துபோனார். தன்னைப் போலவே ஒருவன்! ஓரக்கண்ணால் பார்த்தால், பெண் சற்றுத் தள்ளி நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவன் உடைந்துபோவான். சொல்லக்கூடிய வார்த்தை உண்மையும்கூட.

பன்னை ஒரு கடி கடித்தார். காளான் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தைக் கூட்டியது காளானா, கண்ணாடிக் கடையா என்று அவரால் சத்தியம் பண்ண முடியாது.

"வரிசையில எல்லாரையும் கேட்டுட்டேன் தம்பி. எல்லாம் உன் கைப்பக்குவத்துக்கு வந்த கூட்டம்தான்" என்றார்.

இத்தனை காலம் மற்றவர்கள் வாயில் கேட்ட பொய் தன் வாயிலிருந்து வந்தபோது குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான் சார். உங்க போட்டோ பார்த்திருக்கேன். அப்பா உயிரே போனாலும் பொய் சொல்ல மாட்டாருன்னு அவ சொல்லியிருக்கா" என்றான்.

நகருங்கள் நகருங்கள் என்று பின்னாலிருந்து கத்தினார்கள். எக்ஸ்ரேக்குக் கால் எழவில்லை.