பாலிசியில் இருந்த நம்பர்

தாம்பரத்தில் என் பைக்குக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தவர் எங்கள் சர்ச்சுக்கு வரும் ஒரு ஏஜென்ட் அண்ணன். பூசையில் எனக்கு முன்வரிசையில் உட்காருவார்.

"கம்பெனிக்காரங்க போன் பண்ணியே உயிரை எடுப்பாங்க தம்பி. நான் பார்த்துக்கறேன்" என்று பாலிசியில் என் போன் நம்பருக்குப் பதில் தன் நம்பரைப் போட்டார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

சில மாதங்களில் கோவிலம்பாக்கத்தில் ஒரு வேன் மோதி பைக் நொறுங்கியது. கட்டுப்போட்ட காலோடு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கொடுத்த தள்ளுபடியைச் சரிபார்க்க, போன வருஷ பாலிசி காப்பி கேட்டு பலமுறை மெசேஜ் அனுப்பினோம் சார். நீங்க தரவே இல்ல. பாலிசி கேன்சல் ஆயிடுச்சு."

அண்ணனிடம் கேட்டேன்.

"தினமும் நூறு மெசேஜ் வருது தம்பி, ஒரே பேஜாரு. எதைன்னு பார்க்கறது?"

அடுத்த வருஷம் புதுப்பிக்கச் சொல்லும் மெசேஜ் எனக்கு வந்து, நான் வேறு ஏஜென்ட்டிடம் போய்விடக் கூடாது என்றுதான் தன் நம்பரைப் போட்டிருக்கிறார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அவர் திரும்பிக் கைகூப்பி, "சமாதானம்" என்றார்.

"இதையாவது நேரா என்கிட்டயே சொல்றீங்களே அண்ணா" என்றேன்.

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இன்னும் பஸ்ஸில்தான் பூசைக்குப் போகிறேன்.