இடது கன்னம்

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் அனந்தலக்ஷ்மிக்கு ஐம்பத்தெட்டு வயது. வங்காளத்தில் இந்த லேக் கார்டன்ஸ் பேட்டைக்குக் கல்யாணமாகி வந்தவள், எனக்கு அனந்தி. மீன் சாப்பிடாமலே மீன்காரனோடு வங்காள மொழியில் அரை மணி நேரம் வம்பளக்கக் கூடியவள். ஓரிடத்தில் உட்காருவது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. அப்படிப்பட்டவள், போன ஜூன் மாதம் வெயில் மண்டையைப் பிளக்கிறபோது, கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடையின் மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கம்ப்யூட்டருக்குள் உருவங்கள் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு.

காரணம் அவள் வீட்டுக்காரர். லக்ஷ்மிநாராயணன், பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹோலிக்கு மறுநாள் காலை பல் தேய்க்கப் போனவர், வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கை விழுந்துவிட்டது. இடது கன்னம் தொங்கி, வாய் கோணி, பேச்சு குழறியது. தினமும் மழமழவென்று ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஏரிக்கரையில் நடந்த மனிதர் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் பீரோக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடச் சொன்னார்.

டொராண்டோவில் இருக்கும் ஒரே மகள் ஸ்னேகாவிடம் என்ன சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தியைச் சுடச்சுடச் சொல்வோம். கெட்ட செய்தியை மட்டும் கழுவித் துடைத்து, பாதியை மறைத்துக் கொடுப்போம். "லேசா ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இப்போ தேவலை. நீ அங்க பதறாதே" என்றாள் அனந்தி. அந்தப் பெண் வீடியோவில் அப்பாவைக் காட்டச் சொல்லும்போதெல்லாம், தூங்குகிறார், குளிக்கிறார் என்று ஏதாவது ஒன்று.

"ஒரு மனுஷர் இத்தனை தடவை குளிச்சா ஜன்னிதான் வரும் அனந்தி. உண்மையைச் சொல்லித் தொலையேன்" என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"அவருக்குப் பிடிக்கலை. அவ பாத்துடுவாளோன்னு அவர் படற பாடு உனக்குத் தெரியாது" என்றாள்.

ஸ்னேகா ஒன்றும் அசடு இல்லை. சந்தேகப்பட்டு டிசம்பரில் வருவதாக லீவு போட்டுவிட்டாள். அதுவரை பொறுக்க முடியாமல் ஒரு யோசனையும் சொன்னாள். அவளும் அவள் சிநேகிதர்களும் கூடுகிற ஒரு மெய்நிகர் உலகம் இருக்கிறதாம். அதில் அவளுக்கு ஒரு வீடும் இருக்கிறது. நமக்குப் பதிலாக ஒரு பொம்மை அங்கே போய் உட்காரும், நம் குரல் கேட்கும். காமெரா கிடையாது. லக்ஷ்மிநாராயணன் இதைக் கேட்டதும் பல மாதங்களுக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அங்கே தயாராகக் கிடைத்த முகங்களைக் காட்டியபோது தலையைத் திருப்பிக்கொண்டார். "என்... மூஞ்சி..." என்றார். அவருக்கு மகள் முன்னால் தன் பழைய முகத்தோடு உட்கார வேண்டும்.

அதற்காகத்தான் அனந்தி வகுப்புக்குப் போனாள்.

சொல்லிக்கொடுத்தது தியாஷா என்கிற வங்காளிப் பெண், ஸ்னேகா வயதுதான். அனந்தியை மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவாள். "மாஷிமா, கம்ப்யூட்டருக்கு வளைவே தெரியாது" என்றாளாம் முதல் நாளே. எல்லாம் தட்டையான துண்டுகள். சின்னச் சின்னதாக ஒட்டிவைத்தால், நம் கண் ஏமாந்துபோய் அதை வளைவு என்று நம்பிவிடும். அனந்தி முதலில் ஒரு டம்ளர் செய்தாள். விளிம்பை ஒரு கோடாக வரைந்து சுற்றவிட்டால் டம்ளர். அது சுலபம். முகம்தான் உயிரை வாங்கியது. அவள் செய்த முதல் கன்னம் இட்லி மாதிரி இருந்தது. சரிசெய்யப் புள்ளி மேல் புள்ளியாகச் சேர்த்தாள். சேர்க்கச் சேர்க்க மேடும் பள்ளமுமாகிக் கன்னத்தில் அம்மை போட்டது. தியாஷா முக்கால்வாசிப் புள்ளிகளை அழித்தாள். "கொஞ்சம் போதும் மாஷிமா, மிச்சத்தை அதுவே வளைச்சுக்கும்" என்றாள். பிறகு இன்னொரு வித்தையும் காட்டினாள். முகத்தில் ஒரு பாதியைச் செய்தால் போதும், மறுபாதியைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி அதுவே போட்டுக்கொள்ளும்.

அன்றைக்கு அனந்தி ஆட்டோவை விட்டு இறங்கி வீட்டுக்குள் ஓடி வந்தாள். அவரை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"ஏன்னா, வலது பக்கம் நன்னாத் தெரியற மாதிரி திரும்புங்கோ. அந்தப் பாதி வேண்டாம்."

நான் அங்கேதான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னபடி திரும்பினார். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னாள்.

மூன்று மாதம் அந்த வலது பாதியையே பார்த்துப் பார்த்துச் செய்தாள். முடிந்தபோது நிஜமாகவே அவர்தான். இரண்டு கன்னமும் நிரம்பி, வாய் நேராக, பாங்குக்குக் கிளம்புகிற மாதிரி. அவர் நெடுநேரம் பார்த்தார். சட்டையை மாற்றிவிடச் சொன்னார், பொம்மைக்கு இல்லை, தனக்கு.

துர்கா பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை சந்திப்பு. தெருமுனையில் பந்தலுக்கு மூங்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச மாட்டார் என்று அனந்தி முன்கூட்டியே இன்னொரு பொய்யைச் சொல்லியிருந்தாள். திரையில் ஒரு சோபா, அதில் அப்பா, அம்மா, மகள் என்று மூன்று பொம்மைகள். அப்பா பொம்மை தலையாட்ட அனந்தி பொத்தானை அழுத்தினாள்.

"அப்பா!" ஸ்னேகாவின் குரல் உடைந்தது. "அப்படியே இருக்கியேப்பா! அம்மா, பழைய போட்டோ பார்த்துப் பண்ணினியா?"

"போட்டோ எதுக்கு? எதிர்ல உட்காரவெச்சுப் பார்த்துப் பார்த்துப் பண்ணினதுடி" என்றாள் அனந்தி பெருமையாக. அந்தப் பெருமைக்கு என்ன விலை என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்னேகா அழுதுகொண்டே சிரித்தாள். "நான்தான் என்னவெல்லாமோ நினைச்சுப் பயந்துட்டேன். இவ்வளவு நன்னா இருக்காரே! ஆபீஸ்ல டிசம்பர்ல லீவே தரமாட்டேன்னு முரண்டு பிடிக்கறா. அப்போ ஏப்ரல்ல நிதானமா வரட்டுமா?"

நான் அனந்தியின் முழங்கையை இடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"உன் சௌகரியம் போலப் பண்ணு" என்றாள்.

திரை அணைந்ததும் அவர் கேட்டார். "டிசம்பர்... வர... மாட்டாளா?"

"ஏப்ரல்ல வராளாம்."

அவர் இஸ்திரிச் சட்டையோடு அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. இரவும் சாப்பிடவில்லை என்று அனந்தி சொன்னாள்.

மறுநாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். பீரோக் கண்ணாடியில் துண்டைக் காணோம். கம்ப்யூட்டரை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்கள். திரையில் அவர் முகம் பெரிதாக இருந்தது. இரண்டு பாதியையும் இணைத்திருந்ததை அனந்தி வெட்டிவிட்டிருந்தாள். இப்போது இடது பக்கத்தைத் தொட்டால் வலது பக்கம் அசையவில்லை. இடது கன்னத்தில் ஒரு புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போறுமான்னா?"

அவர் கண்ணாடியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நல்ல கையால் தன் வாயோரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னும்... கீழே" என்றார்.