காருக்கு சர்வீஸ் மேலகரத்தில், எங்களுக்குக் குளியல் ஐந்தருவியில்

சங்கரன்கோவிலிலிருந்து குற்றாலம் போகிறவர்கள் குளிக்கத்தான் போவார்கள். நாங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை போவது கார் சர்வீஸுக்காக. போன இடத்தில் அருவி இருப்பதால் குளித்துவிட்டும் வருகிறோம். இந்தத் தடவை சீசன் தொடங்கிய இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை போனோம். காரோடு குற்றாலம் போக நினைப்பவர்களுக்கும், காரை எங்கே விடுவது என்று குழம்புகிறவர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன். நேரில் கேட்டால் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. எழுதினால் வந்துவிடுகிறது.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம். வீட்டோடு நான்கு விசைத்தறி இருக்கிறது. நான் பத்தாவதோடு நின்றுவிட்டு அப்பாவோடு தறிவேலை பார்க்கிறேன். அப்பா திக்கிப் பேசுவார். சில எழுத்துகளில் வார்த்தை நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும். தறி ஓடும்போது அந்த இரைச்சலில் யாருக்குமே பேச்சு கிடையாது, அதனால் அப்பாவுக்கு அது வசதி. தறி நின்ற பிறகு அம்மா பொறுக்கமாட்டாள். அப்பா ‘த’ என்று ஆரம்பித்தாலே தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்பாள். பாதி நேரம் அவர் கேட்டது தண்ணீராக இருக்காது. ஆனாலும் வாங்கிக் குடித்துவிடுவார்.

எங்கள் தெருவில் நான்கு கார்கள். நான்கும் நான்கு இடத்துக்குப் போகின்றன. பக்கத்து வீட்டு வாத்தியார் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் கம்பெனியில்தான் விடுவார். விற்கும்போது புத்தகத்தில் எல்லா சர்வீஸும் பதிவாகியிருந்தால் நல்ல விலை போகுமாம். ஜவுளிக்கடைக்காரர் தென்காசியில் எல்லாக் கார்களையும் பார்க்கிற ஒரு பெரிய பட்டறைக்குப் போவார். சித்தப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் விடுவார். அங்கே டீயும் அரசியலும் கிடைக்கும். எங்கள் கார் மட்டும் புளியங்குடி, கடையநல்லூர் என்று வழியில் இருக்கிற அத்தனை பட்டறைகளையும் தாண்டி, 51 கிலோமீட்டர் ஓடி மேலகரம் போகும். இசக்கி மாமா அங்கேதான் பட்டறை வைத்திருக்கிறார். முன்பு எங்கள் ஊரில் வைத்திருந்தார். மனைவியின் ஊர் மேலகரம் என்பதால் அங்கே மாறிப்போனார். அப்பாவும் காரை அவர் பின்னாலேயே கொண்டுபோனார். “ஒரு ஆயில் மாத்த அம்பது கிலோமீட்டரா?” என்று தெருவில் சிரிப்பார்கள். டீசல் வீணாகிறதே என்று அம்மாதான் இதைக் குற்றாலப் பயணமாக மாற்றினாள்.

இந்தத் தடவை ஒரு சிக்கல் இருந்தது. மாசி மாதம், நிறுத்தியிருந்த காரின் கதவைத் தண்ணீர்க் கேன் வண்டி ஒன்று இடித்துவிட்டது. இன்சூரன்ஸ் என்பதால் திருநெல்வேலியில் கம்பெனிப் பட்டறைக்கே போகச் சொன்னார்கள். போனோம். கதவு வேலையைக் குறையே சொல்ல முடியாது. எங்கே இடித்தது என்று எனக்கே இப்போது தெரியவில்லை. ஏசி ஹாலும் காபியும் இருந்தன. பெண்கள் கழிப்பறை அவ்வளவு சுத்தம். கவுண்டரில் இருந்தவரும் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வண்டியில் கொஞ்ச நாளாக வந்த ஒரு சத்தத்தைப் பற்றி அப்பா, இடது பக்கம், வேகத்தடை, என்று சொல்லிக்கொண்டே வந்து ‘சத்தம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். “பிரேக் ப்ராப்ளமா சார்? சஸ்பென்ஷனா சார்? ஏசியா சார்?” என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டுக்கொண்டே போனார். அப்பா ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டினார். அவர் பிரேக் என்று எழுதிக்கொண்டார். அதோடு சேர்த்து முழு சர்வீஸும் செய்துகொடுத்தார்கள். பிரேக் பளபளவென்று வந்தது. சத்தமும் எங்களோடு வீட்டுக்கு வந்தது.

ஆனி வந்தால் எப்படியும் மேலகரம் போவோம் என்று அப்பா இருந்துவிட்டார்.

அன்றைக்குக் காலை 6.10க்குக் கிளம்பினோம். காலையில் ரோடு காலியாக இருக்கும். புளியங்குடியில் மட்டும் எலுமிச்சை மூடை ஏற்றுகிற லாரிகள் ரோட்டை மறிக்கும், பத்து நிமிஷம் கூட வைத்துக்கொள்ளுங்கள். கடையநல்லூரில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாக இருந்தது. அங்கேதான் அம்மாவின் கண்ணில் முன் கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கர் பட்டது. அடுத்த சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதி, மேலே பெரிதாகக் கம்பெனி பெயர் போட்டது.

“ஏங்க, இத இசக்கியண்ணன் பாத்தா என்ன நெனைப்பாரு?”

அம்மா நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். அப்பா “வேண்டாம்” என்றார்.

“நீங்க சும்மா டீயக் குடிங்க. மொகம் சுருங்கிரும் அவருக்கு. ஏட்டி, அந்தப் பையில தேங்காண்ணெ இருக்கு, எடு.”

அருவியில் குளிக்கக் கொண்டுவந்த எண்ணெய். அதைத் தேய்த்து, சேலை முந்தானையால் துடைத்து, ஸ்டிக்கரைத் துளித் துளியாக எடுத்தாள். அப்பா இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றார். அம்மா கேட்கவில்லை.

தென்காசிக்குள் நுழையும்போதே சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலம் ரோட்டில் மேலகரம் போய்ச் சேர்ந்தபோது மணி 7.50. இசக்கி மாமா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க அண்ணாச்சி! வாங்க மைனி! ஏட்டி, நீ என்ன தென்னம்பிள்ள மாதிரி வளந்துட்டே போற?”

நான் சிரித்துவிட்டு அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் காரைச் சுற்றி வந்தார், கதவைத் தடவிப் பார்த்தார், கண்ணாடிக்கு முன்னால் நின்றார். எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு சதுரம் அப்படியே தெரிந்தது.

“என்ன மைனி, கண்ணாடிக்கு எண்ணெ தேச்சி விட்டிருக்கீங்க? வண்டியும் குளிக்க வந்திருக்கோ?”

“அங்கன முருகன் படம் ஒட்டியிருந்தோம்ணே. காத்துல பிஞ்சி போயிட்டாரு.”

“அப்படியா? எறங்கி பண்பொழி மலைக்கோயிலுக்குப் போயிட்டாரோ?” அவர் சிரித்துக்கொண்டே பானட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. “போறப்ப போல்ட்டுக்கெல்லாம் மஞ்சக் குறி வச்சிட்டுல்லா போயிருக்காரு உங்க முருகன்.”

கம்பெனியில் முறுக்கிய போல்ட்டுகளுக்கு மஞ்சள் பெயிண்டில் கோடு போடுவார்கள் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அம்மா வாயை மூடிக்கொண்டாள். நான் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இசக்கி மாமா பானட்டை மெதுவாக மூடினார்.

“போனதுக்கு ஒண்ணும் இல்ல மைனி. இன்சூரன்ஸுன்னா அங்கனதான் போவணும், நானே போகச் சொல்லுவேன். ஆனா சுரண்டிட்டு வந்திருக்கீங்க பாத்தீங்களா? எனக்குத் தெரியக் கூடாதுன்னு. அப்ப நான் யாரோதான?”

“ஐய்யோ, அப்படி இல்லண்ணே...”

“ரெண்டு வண்டி அவசரமாக் கெடக்கு. நீங்க அருவிக்குப் போங்க. இத அங்கனயே காட்டிக்கிடுங்க.”

எப்போதும் காரை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில்தான் அருவிக்குப் போவோம். அன்றைக்கு அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா அவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. அது வருவதற்குள் இசக்கி மாமா இன்னொரு காருக்கு அடியில் போய்விட்டார்.

ஐந்தருவிக்குப் போனோம். மேலகரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. கார் நிறுத்த ஐம்பது ரூபாய் வாங்கினார்கள். பெண்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. புதன்கிழமை காலை என்பதால் தள்ளுமுள்ளு இல்லை. தண்ணீர் மிதமாக விழுந்தது. அம்மா தலையைக் கொடுத்துவிட்டு எப்போதும் கத்துவாள், அன்றைக்குக் கத்தவில்லை. “நாந்தாம்ட்டி கெடுத்தேன். ஒங்க அப்பாவுக்கு ஒலகத்துல பேச்சுத்தொணைன்னு இருக்கது அந்த ஒரு மனுசன்தான்” என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. ஆனால் எனக்குப் புரிந்தது. அப்பாவுக்குக் கூட்டாளிகள் கிடையாது. கல்யாண வீட்டில் சாப்பிட்டதும் எழுந்துவிடுவார். இசக்கி மாமாவின் பட்டறையில் மட்டும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்.

அப்பா குளிக்க வரவில்லை. நான் துண்டை எடுக்கக் காருக்குப் போனபோது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. யாரோடும் ஃபோனில் பேசவில்லை. ஃபோன் என் கையில்தான் இருந்தது. நான் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நாங்கள் துணி மாற்றி வந்ததும் அப்பா ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். வழியில் பழக்கடை, சிப்ஸ் கடை எதிலும் நிறுத்தவில்லை. நேரே மேலகரம்.

இசக்கி மாமா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திரிக்கவில்லை. அப்பா இறங்கி அவருக்கு முன்னால் போய் நின்றார்.

“இசக்கி.”

பெயர் தெளிவாக வந்துவிட்டது. அடுத்த வார்த்தை வரவில்லை. அம்மா, “அவரு என்ன சொல்ல வாராருன்னா...” என்று ஆரம்பித்தாள். இசக்கி மாமா அவள் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கினார்.

“மைனி. அண்ணாச்சி சொல்லட்டும்.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் எங்கள் காரின் முன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவசரம் எதுவும் இல்லாதவர் மாதிரி இருந்தார். தகரக் கூரையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. செங்கோட்டை பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. நான் நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

“அங்கன என்னால சொல்லி முடிக்க முடியல” என்றார் அப்பா. நடுவில் இரண்டு இடத்தில் நின்றது. “அதுக்குள்ள அவங்களே பிரேக்குன்னு எழுதிட்டாங்க. நானும் தலைய ஆட்டிட்டேன்.” மறுபடி நின்றது. அம்மா சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். “ஒங்கிட்டன்னா ஆட்ட மாட்டேன்ல இசக்கி.”

இசக்கி மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“எந்தப் பக்கம் அண்ணாச்சி சத்தம்?”

“இடது.”

“எப்ப வருது?”

அப்பா சொன்னார். வண்டி வேகத்தடையில் ஒரு பக்கமாக ஏறி இறங்கும்போது மட்டும், மெதுவாகப் போனால் மட்டும், மழை பெய்தால் கொஞ்சம் குறைவாக. சொல்லி முடிக்க நேரமானது. அத்தனையையும் இசக்கி மாமா டயரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். பிறகு எல்லாரையும் காரில் ஏறச் சொன்னார்.

“ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது, சத்தம் கேக்கணும். மைனி, ஒங்களத்தான் சொல்லுதேன்.”

அம்மாவே சிரித்துவிட்டாள். ரேடியோவை அணைத்துவிட்டு, தென்காசிப் பக்கமாக முதல் வேகத்தடை வரை போனோம். ‘டக்’கென்றது. “இந்தா கெடக்கு” என்றார் இசக்கி மாமா. முன் சக்கரத்தின் பக்கம் லிங்க் ராடு என்று ஒரு கம்பி தேய்ந்திருந்ததாம். தென்காசியிலிருந்து பொருள் வர ஒரு மணி நேரம், மாட்ட முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் மாற்றியதில் பொருள் 1,300 ரூபாய், கூலி 400. கிளம்பும்போது, “அடுத்த தடவ கம்பெனிக்குப் போனா ஸ்டிக்கரோட வாங்க. என்ன ஆயில் ஊத்திருக்கான்னு நானும் பாக்கணும்லா” என்றார் அம்மாவிடம்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் நான் சொல்வது அதுதான். ஓரிடத்தில் சர்வீஸ் செய்துவிட்டு இன்னோரிடம் போனால் மறைக்காதீர்கள், பார்க்கிறவருக்கு அது தேவைப்படும். இன்சூரன்ஸ் வேலை, பெயிண்ட் வேலைக்கு கம்பெனிப் பட்டறை நல்லது. மற்றதற்கு உங்களுக்குப் பிடித்த இடம். ஆனால் எங்கே போனாலும் கேட்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, விடப் பார்க்கிறேன். கவுண்டரில் சொல்ல வராது என்றால், “வண்டியில் ஏறுங்கள், ஓட்டிக் காட்டுகிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள், போதும். பெண்கள் கூடப் போனால் உட்கார இடமும் கழிப்பறையும் இருக்கிறதா என்று ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பட்டறைகளில் பெரும்பாலும் இருக்காது. இசக்கி மாமாவின் வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருப்பதால் நாங்கள் தப்பித்தோம். சீசனில் குற்றாலம் போகிறவர்கள் ஈரமான ரோட்டில் இறங்கும் முன் பிரேக்கும் வைப்பரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு ஊருக்குக் கிளம்பினோம். கடையநல்லூர் தாண்டியதும் அப்பா தானாகவே ஒரு கதையை ஆரம்பித்தார். முதல் தறி வாங்கியபோது அதை மாட்டுவண்டியிலிருந்து இறக்கத் தெரியாமல் அவரும் இசக்கி மாமாவும் பட்ட பாடு. நான் இதுவரை கேட்டதே இல்லை. பல இடங்களில் நின்றது. அம்மாவுக்கு இரண்டு தடவை வாய் துடித்ததைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புளியங்குடி வரும்போதுதான் கதை முடிந்தது. சிரிப்பு வரவேண்டிய இடம் வந்தபோது, எங்களுக்கு முன்னால் அப்பாவே சிரித்துவிட்டார்.