மேனேஜர் ரூம் சர்வர்

கொல்லிமலையில ஒரு மிளகு விற்பனைச் சங்கம். நாங்க போட்டுக் கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேர் அடிக்கடி நின்னு போகுதுன்னு ஓயாம போன். இன்னைக்கு அத்தனை கொண்டை ஊசி வளைவையும் பஸ்ல சுத்தி, தலை கிறுகிறுக்க மேல போய்ச் சேர்ந்தேன்.

போனா, எல்லாம் ஜோரா ஓடுது. ஹால்ல நாலு கம்ப்யூட்டர்லயும் பில் போடுறாங்க. சாஃப்ட்வேர் இருக்கிற சர்வர் மட்டும் மேனேஜர் ரூம்ல.

மத்தியானம் மேனேஜர் சாப்பிட ஊட்டுக்குக் கிளம்பினார். சர்வரை அணைச்சார், ரூமைப் பூட்டினார், சாவியைப் பையில போட்டார்.

நாலு கம்ப்யூட்டரும் அப்படியே நின்னுடுச்சு. மலையிலேயே திருப்புலி நாடுங்கிற பக்கத்துல இருந்து மிளகு மூட்டையோட வந்தவர் பில்லுக்காக நிக்கிறார்.

ஓடிப்போய் வாசல்ல மறிச்சேன். "சார், இதை அணைச்சா எல்லாருக்கும் நின்னுடும்."

"ஏனுங்க, அவங்கவங்களுக்குத் தனித்தனியா கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்குதுங்களே. ஆளில்லாத ரூம்ல எதுக்குங்க கரண்டு?"

சாவியை வாங்கி சர்வரைப் போட்டுட்டு, பில் போடுற அக்காகிட்ட கேட்டேன். "இவர் அணைக்கிறதாலதான் நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன் சாஃப்ட்வேர் சரியில்லைன்னு போன் பண்ணீங்க?"

"மேனேஜர் சரியில்லைன்னு போன் பண்ண முடியுங்களா கண்ணு?"

சர்வரை ஹாலுக்கு மாத்திட்டேன். கிளம்பும்போது சர்வீஸ் ரிப்போர்ட்டுல மேனேஜர் கையெழுத்து வேணும். அதனால நானும் "சாஃப்ட்வேர் கோளாறு சரி செய்யப்பட்டது"ன்னுதான் எழுதினேன்.

உங்க ஆபீஸ்ல என்ன கோளாறுன்னு எழுதுறீங்க?