மித்ராவுக்குக் காய்ச்சல்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஜெஸ்லினின் அப்பாவுக்குப் பலசரக்கு மொத்தக்கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகிறது. வீட்டுக்கு ஒரே பெண் ஜெஸ்லின். பள்ளியிலும் கல்லூரியிலும் அவள்தான் முதல். இரண்டாவது யாரென்று திரும்பிப் பார்த்ததில்லை. கல்லூரியில் அந்த இரண்டாவது ஆள் வியாசர்பாடி சங்கமித்ரா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அறிவு என்பவரின் மகள்.

மூன்றாம் ஆண்டில் இருவரையும் ஒரு செமஸ்டர் படிக்கப் போலந்துக்கு அனுப்பினார்கள். ஜெஸ்லின் ஆறு மாதம் கண்ணாடி முன் நின்று ஆங்கிலம் பேசிப் பழகியிருந்தாள். ஆனால் க்ராகூவ் நகரத்து விடுதியில் யாரைக் கண்டாலும் அவளுக்கு வாய் பூட்டிக்கொண்டது. வாக்கியம் சரியா என்று மனசுக்குள் பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். மித்ராவோ தப்பும் தவறுமாகக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். எல்லோரும் நின்று கேட்டார்கள்.

அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தை, வாசனை வருமே என்று ஜெஸ்லின் நாலு உறைக்குள் போட்டு அலமாரியில் ஒளித்து வைத்திருந்தாள். வந்த இரண்டாம் வாரமே மித்ரா பொதுச் சமையலறையில் நெத்திலிக் கருவாடு வறுத்தாள். புகைக்குத் தீ எச்சரிக்கை மணி அடித்து, நாலு மாடியும் செருப்போடு தெருவில் வந்து நின்றது. "சாரி மாமு, சாரி மாமு" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள் மித்ரா. மறுநாளிலிருந்து பிரேசில்காரன் முதல் துருக்கிக்காரி வரை எல்லோரும் ஒருவரையொருவர் மாமு என்றே கூப்பிட்டார்கள்.

அம்மாவிடம் போனில் பேசினாலும் மித்ரா புகழ்தான். "ஏ பிள்ள, அந்த மித்ரா கூடவே இருந்துக்கோ. தைரியமான பிள்ள, ஒன்ன மாதிரி இல்ல."

அக்டோபரில் பதினான்கு பேர் சேர்ந்து மலைக்குப் போவதாக ஏற்பாடு. மலைமேல் ஒரு ஏரி. அதற்குக் 'கடலின் கண்' என்று பேர் என்றதும் மித்ரா குதித்தாள். "நம்ம கடலோட கண்ணு அங்க இன்னா பண்ணுது? போய் பாத்தே ஆவணும்!"

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மித்ராவின் போன் தண்ணீரில் விழுந்து பழுதாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம், பயணத்தை ஏற்பாடு செய்த துருக்கிப் பெண் எலிஃப் ஜெஸ்லினுக்குச் செய்தி அனுப்பினாள்: வண்டி ஏழு மணிக்கு இல்லை, ஆறுக்கே கிளம்புகிறது, மித்ராவிடம் சொல்லிவிடு. ஜெஸ்லின் சரி என்று கட்டைவிரல் போட்டுவிட்டு முதல் மாடிக்கு இறங்கினாள். மித்ராவின் அறைக்குள் ஒரே சிரிப்பு. யாரோ அவளிடம் தலை பின்னக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டத் தூக்கிய கையை ஜெஸ்லின் இறக்கிக்கொண்டாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மேலே வந்தாள்.

காலையில் அந்தக் கதவைத் தாண்டிப் போனாள்.

வண்டியில் ஏறியதும் மித்ரா எங்கே என்றார்கள். "அவளுக்குக் காய்ச்சல்" என்றாள். போலந்துக்கு வந்த பிறகு அவள் தயங்காமல் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஏரிக்கு ஒன்பது கிலோமீட்டர் நடை. இருபுறமும் ஊசியிலை மரங்கள், தூரத்தில் பனி போட்ட சிகரங்கள். ஆனால் வழியெல்லாம் மித்ரா பேச்சுதான். பாவம், அவள்தானே ஆசைப்பட்டாள் என்றாள் எலிஃப். பிரேசில்காரன் அவளுக்கென்று புகையில் வாட்டிய ஆட்டுப்பால் சீஸ் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். ஏரிக்கரையில் எல்லோரும் வரிசையாக நின்று, "மாமு, சீக்கிரம் குணமாகு!" என்று கத்தினார்கள். அதைப் படம் பிடிக்கச் சொல்லி ஜெஸ்லின் கையில் போனைக் கொடுத்தார்கள். பச்சைத் தண்ணீருக்கு முன்னால் பன்னிரண்டு முகங்கள் சிரிப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றாள். வராமலே அவள் இத்தனை இடத்தை அடைத்துக்கொள்கிறாளே என்று வயிறு எரிந்தது. நீயும் வந்து நில் என்று யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பியபோது மித்ரா சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டு, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்றார்கள். மித்ரா ஜெஸ்லினை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நெற்றியில் கை வைத்து, இப்போது பரவாயில்லை என்றாள்.

எல்லோரும் போனதும் கேட்டாள். "எனுக்கு ஜொரம்னு நீதான் சொன்னியா?"

ஜெஸ்லின் பையின் வாரை இழுத்து இழுத்து இறுக்கினாள்.

"ஏழு மணிலேந்து ஒம்போது வரிக்கும் ஸ்டாப்பாண்ட நின்னுகினு இருந்தேன். ஒர்த்தரும் வரல. உனுக்கு இன்னாவோ ஆயிப்போச்சுன்னு பயந்து ஓடியாந்து உன் ரூமு கதவ இடிச்சேன். வார்டன் தொறந்து பாத்தாங்கோ. போர்வய நீட்டா மடிச்சி வச்சிட்டு போய்க்கிற."

"எல்லாரும் ஒன்னயேதான் கேக்காங்க மித்ரா. எங்கிட்ட ஒருத்தரும்..." என்று இழுத்தாள் ஜெஸ்லின்.

"அத்த என்னாண்ட சொல்லிக்கிலாமே."

அவ்வளவுதான் சொன்னாள். யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று படுக்கையில் ஜெஸ்லின் அழுதது குற்ற உணர்ச்சியால் மட்டுமில்லை. தன்னை இவ்வளவு சுலபமாகக் காப்பாற்ற அவளால் முடிந்ததே என்று அதற்கும் பொறாமையாக இருந்தது. அடுத்த வாரம் மித்ராவுக்காகவே பாதிப் பேர் மறுபடி மலைக்குப் போனார்கள். ஜெஸ்லின் பரீட்சை என்று சொல்லி அறையிலேயே இருந்தாள்.

இப்போது ஜெஸ்லினுக்கு ராயபுரத்தில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. மித்ரா எண்ணூர் கழிமுகத்துத் தண்ணீரைச் சோதிக்கும் குழுவில் இருக்கிறாள். போன மாதம் தேரடி டீக்கடையில் நாலைந்து பேர் நடுவே மித்ரா நின்று சிரிப்பதை ஜெஸ்லின் பார்த்தாள். நாலு வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைக் கிட்டப் போய்ச் சொன்னாள்.

"அன்னைக்கு வேணும்னுதான் சொல்லாம போனேன். மன்னிச்சிரு."

"தெரியும். எப்பவோ வுட்டுட்டேன்," என்றாள் மித்ரா. "ஆனா பழைய மாரி தோஸ்துன்னு சொல்லிக்க வரல ஜெஸ்ஸு. அறுந்துபோனத்த இஸ்துகினு போறதுல இன்னா கீது?"

டீக்கு இருவருமே அவரவர் காசைக் கொடுத்தார்கள். மித்ராவின் கூட்டம் அவளைக் கூப்பிட்டது, போனாள். ஜெஸ்லின் அப்பாவின் கடைக்கு நடந்தாள். மனசு லேசாகியிருந்தது உண்மை. பின்னால் அந்தக் கும்பல் மறுபடி சிரித்தபோது, எதற்கு என்று தெரிந்துகொள்ள அவள் நடையைத் தளர்த்தியதும் உண்மை.