உரலுக்கு வைத்த பொட்டு

குங்குமம் வைத்தது நான்தான். தமிழரசி மேடம் இல்லை.

மூன்று வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... அதனால்தான் முடிகிறது.

நான் கல் உடைக்கிறவன். எட்டாவது வரை படித்தேன். கருங்குழிப் பக்கம் குவாரியில் அப்பா சம்மட்டி பிடித்தார். அவருக்குப் பிறகு நான் பிடித்தேன். இப்போது கடலோரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கல் இடிக்கிறேன். வானத்திலிருந்து விழுந்த கல்!

அது பூமியை விட மூத்தது. பூமி போன்ற பாறைக் கோள்கள் திரளத் தொடங்கிய காலத்தின் மிச்சம். அதற்குள் கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது. அது மாறாத கணக்கில் ஈயமாகிக்கொண்டே இருக்கும். ஈயத்திலும் எடை வேறுபட்ட வகைகள் உண்டு. எந்த வகை எவ்வளவு என்று அளந்தால் கல் உறைந்த காலம் தெரிந்துவிடும். நானூற்றைம்பது கோடி வருடத்துக்கும் மேலே! இதெல்லாம் அந்தக் கல்லின் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாயிருந்த தமிழரசி மேடம் சொல்லித் தெரிந்தது.

அந்தக் கல்லை மாவாக்குவது என் கை. அகேட் என்னும் வழுவழுப்பான கல்லில் செய்த சின்ன உரல். ஓங்கி இடித்தால் துகள் பறக்கும். மெல்ல இடித்தால் மாவு நைசாகாது; அளப்பதற்காக ஊற்றும் அமிலத்தில் கரையாது. அந்தப் பதம் அங்கே என் ஒருவனுக்குத்தான் வரும். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

வெளி ஈயம் ஒரு தூசி சேர்ந்தாலும் கணக்கு கெட்டது. அதனால் அந்த அறைக்குத் தனி உடுப்பு, தொப்பி, கையுறை. கதவில் எழுதி ஒட்டியிருக்கும்: பவுடர் பூசாதீர். பொட்டு வைக்காதீர். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. கேட், வேன், கம்ப்யூட்டர், தோட்டத்து மண்வெட்டி... எல்லாவற்றுக்கும் பொட்டு. என் உரல் மட்டும் வெறுமனே கிடந்தது. எனக்குச் சோறு போடுகிற உரல்! எப்படி விடுவேன்? சாவி என்னிடம் இருந்தது. உள்ளே போனேன். உரலின் விளிம்பில் ஒரு பொட்டு. குழவிக்கு ஒரு பொட்டு.

கதவில் இருந்ததைப் படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். படித்தேன். அது மனுஷருக்கு என்று நினைத்தேன்.

விடுமுறை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தேன். முறைப்படி அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். ஊறவைத்தால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். என்ன எழுதுவது? புளியங்கொட்டை அளவு கல்லைப் போட்டேன். இடித்தேன்.

முடிவு வந்தது. ஈயம் எகிறிக் கிடந்தது. கரைத்த கல் கரைத்ததுதான்... இனி வராது.

பெரிய சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேடத்துக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. சார் அவர் தலையைப் பார்த்தார்.

"வகிட்டுல இன்னாம்மா அது?"

"உள்ள போறதுக்கு முன்ன கழுவிட்டுத்தான் சார் போனேன்."

"கழுவுன லட்சணம்தான் மிஷின்ல தெரிதே! கடைக் குங்குமத்துல ஈயம் கீதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

ஈயம்... குங்குமத்தில்! அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏழுமலை, நீ எதுனா பாத்தியா?"

"இல்ல சார்."

சொல்லியிருக்கலாம். சொன்னால் உரலை வேறொருவன் கையில் கொடுப்பார்கள். அதுதான் பயம். வேலை போவதைக்கூடத் தாங்குவேன். அந்தக் கல் என் கையை விட்டுப் போவதைத் தாங்கமாட்டேன்.

மேடத்தை அந்த வேலையிலிருந்து விலக்கினார்கள்.

மீதி இருந்தது ஒரே துண்டு. பொறுப்பு வேறொருவருக்குப் போனது. இடித்தது நான். உரலை மூன்று நாள் அமிலத்தில் போட்டு எடுத்தேன். ஒரு துகள் பறக்கவில்லை. வயது சுத்தமாக வந்தது! கட்டுரை வெளிவந்தது. அதன் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், ஆங்கிலத்தில் என் பெயர். குவாரிக்காரன் மகன் பெயர்! அந்தப் பக்கத்தை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

மேடத்தின் பெயர் அதில் எங்கும் இல்லை.

போன மாதம் புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். நாவலூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறாராம்.

"அண்ணாத்த! பேரு அச்சுல வந்துகீதாமே! இனிமே உங்கள கையில புடிக்க முடியுமா?"

உண்மையான சந்தோஷம் அது. நான் வகிட்டைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. அவர் கவனித்துவிட்டார்.

"அன்னிலேர்ந்து வைக்கிறதில்லண்ணா. மாமியாரோட ஒரே பேஜாரு. இன்னா பண்றது? குங்குமத்த எடுத்தா அந்தக் கல்லு ஞாபகம் வருது. சரியா கழுவலையோ இன்னாவோ நானு..."

வாயைத் திறந்தேன்.

"வஞ்சிரம் நல்லா கீது மேடம். வாங்கிக்கினு போங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். சட்டத்தைக் கழற்றினேன். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். என் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

அதே ஆணியில் மாட்டினேன்.