வெள்ளிக்கிழமை மட்டும் வாய் திறக்காத பிரிண்டர்

அந்த வெள்ளிக்கிழமை கடையில் மூன்று பேர் இருந்தோம். கல்லாவில் அன்ரி, அடுப்படியில் மாஸ்டர், கண்ணாடி ஓரத்து மேசையில் மடிக்கணினியோடு நான். இல்லாதவர் அங்கிள். அன்ரியின் கணவர், கடை அவர்கள் இருவருடையது. மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனவர் வேண்டுமென்றேதான் மெதுவாக வந்துகொண்டிருந்தார் என்பது என் சந்தேகம். அன்று தன் மனைவிக்கும் தன் சமையல்காரருக்கும் சண்டை வரும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு முந்தைய இரண்டு வெள்ளிக்கிழமையும் வந்திருந்தது.

ஆஸ்திரேலியாவில், ஹோம்புஷ் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் கடை. அன்ரியும் அங்கிளும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். மாஸ்டர் மதுரைப் பக்கம். நானும் தமிழ்நாடுதான், இங்கே நெட்வொர்க்கிங் மேற்படிப்பு படித்துக்கொண்டு, வாரக் கடைசியில் இந்தக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தேன். செங்கல் சூளையில் வேலை பார்த்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அச்சடித்த எதையும் என்னால் பாதியில் விட முடியாது. மிக்ஸி வாங்கினால்கூட அதோடு வருகிற புத்தகத்தைக் கடைசிப் பக்கத்து உத்தரவாதம் வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் சட்னி அரைப்பேன். என் அம்மா ஊரில் எல்லோரிடமும், "எம் மவன் ஆஸ்திரேலியாவுல இன்டர்நெட்டு ரிப்பேர் பாக்குறான்" என்று சொல்லி வைத்திருந்தார். அப்படிப்பட்டவன், ஒரு பிரிண்டரிடம் இரண்டு வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

சமையலறைச் சுவரோரம், மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய ஒரு சின்ன பிரிண்டர் இருந்தது. அன்ரி கல்லாவில் ஆர்டரை அடித்தால், அது 'கீச்' என்று கத்திவிட்டு ஒரு சீட்டைத் துப்பும். அதைப் பார்த்து மாஸ்டர் சமைப்பார். ஆறு நாளும் இது நன்றாக நடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் சீட்டு வராது. அன்ரி அனுப்பிவிட்டேன் என்பார். கல்லாத் திரையும் அப்படித்தான் சொன்னது. மாஸ்டர் வரவில்லை என்பார். கூட்டம் அதிகமாக இருக்கிற நாளில் வேலைக்குச் சோம்பல்பட்டுக்கொண்டு மாஸ்டர் சீட்டைக் கிழித்துப் போடுகிறார் என்று அன்ரி முடிவு கட்டிவிட்டார்.

இரண்டு வாரமும் நான் மாலையில் வந்தபோதுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. நோயாளி பிரிண்டர் என்பதால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் அதைப் போட்டேன். பிறகு மற்றவற்றை. உடனே 'கீச்' என்றது. "தம்பி கெட்டிக்காரன்" என்று அன்ரி வடை தந்தார். நானும் சாப்பிட்டேன்.

இரண்டாவது வாரம் மாஸ்டர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, ஸ்டேஷன்கிட்ட இருக்குற கடைக்காரரு என்னைக் கூப்புட்டுக்கிட்டே இருக்காரு. விசாவையும் மாத்தித் தர்றேங்கறாரு. நான் வேலைக்குக் கெட்ட பேரு வாங்குனதே இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமையும் அந்தக்கா என்னைய பொய் சொல்றேன்னு சொன்னாங்கன்னா, மறுநாள் நான் அங்கதான் நிப்பேன்."

இதை அங்கிளிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. "மாஸ்டர் போனா கடையைப் பூட்ட வேண்டியதுதான் தம்பி. வாற சனம் அவற்ற கைக்குத்தான் வருது. என்ர மனிசியிட்ட நான் ஒண்டும் கதைக்கேலாது. நீர்தான் இதைப் பாக்க வேணும்."

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து உட்கார்ந்தேன். வியாதி வரும்போதே பிடிப்பது என் திட்டம்.

கடை திறக்குமுன் அன்ரி வெள்ளிக்கிழமைச் சுத்தம் செய்தார். கல்லாவுக்குப் பின்னால் சாமிப்பட அலமாரி. அதன் கீழ்த்தட்டில் ரவுட்டர், அதன் பக்கத்தில் டிவியில் பாட்டுப் போடுகிற சின்னப் பெட்டி. எல்லா பிளக்கையும் பிடுங்கி, தட்டைத் துடைத்து, பூ வைத்தார். உள்ளே மாஸ்டரும் அவர் சொற்படி பிரிண்டரைக் கழற்றிவிட்டு மேடையைக் கழுவினார். பிறகு அன்ரி ரவுட்டரைப் போட்டார்; உடனே பாட்டுப்பெட்டியைப் போட்டார். சாமிப் பாட்டு எழுந்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டார். அதற்கப்புறம் கல்லா. மேடை காய்ந்ததும் பிரிண்டர். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தேன். ஒன்றும் உறைக்கவில்லை.

மத்தியானம் வந்ததும் மூன்று மேசை நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் அன்ரியின் குரல் உயர்ந்தது.

"மாஸ்டர், எங்க அந்த ரெண்டு மட்டன் கொத்து?"

"எந்தக் கொத்துக்கா?"

"அனுப்பினனான் அல்லோ!"

"எங்க அனுப்புனீங்க, மதுரைக்கா?"

"உந்த நக்கலுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. டொக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வரேல்லை எண்டு பொய் சொல்லுறீர்."

"குப்பைத் தொட்டியக் கவுத்துக் காட்டவாக்கா? வெங்காயத் தோலும் முட்டை ஓடும்தான் கெடக்கு."

"ஆறு நாளும் வேலை செய்யிற மிசின் வெள்ளிக்கிழமை மட்டும் செய்யாதோ? அதுக்கென்ன விரதமோ?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான சாமி கும்புடுறீங்க, கேட்டுச் சொல்லுங்க."

சாப்பிட வந்தவர்கள் தட்டு வராததை மறந்துவிட்டுச் சண்டையை ரசித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றி மடித்து ஒரு நாற்காலியின் மேல் வைத்தார். நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் குடுங்க."

"போன வாரமும் பெரிய டாக்டர் மாதிரி தொட்டுப் பாத்துட்டுத்தான போன?"

"இந்தத் தடவை காரணத்தைக் கண்டுபிடிக்காம எழுந்திரிக்க மாட்டேண்ணே."

அவர் வெளியே மேசைகளை எட்டிப் பார்த்தார். "பசியோட வந்தவங்க என்ன பாவம் செஞ்சாங்க" என்று ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டார். "இன்னைக்கு ஒரு நாள்தான். நாளைக்கு நான் இங்க இல்ல."

அன்ரி கோபத்தில் அதற்குப் பிறகு கல்லாவைத் தொடவே இல்லை. ஏற்கெனவே அடித்ததையும் புதிதாக வந்த ஆர்டரையும் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே, இடையிடையே மேசைக்கு ஓடி மடிக்கணினியைப் பார்த்தேன்.

கடைக்குள் இணையத்தில் சேர்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. ஐ.பி. முகவரி என்பது அதுதான். அதைப் பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டர். எந்த எண் யாரிடம் இருக்கிறது என்று பட்டியலெடுத்துப் பார்த்தேன். கல்லாவுக்குள் 'சமையலறை பிரிண்டர்' என்று எழுதி வைத்திருந்த எண்ணில் பிரிண்டர் இல்லை. அந்த எண்ணில் உட்கார்ந்திருந்தது பாட்டுப்பெட்டி.

காலையில் பார்த்ததெல்லாம் அப்போதுதான் கண்முன் வந்தது. அது மலிவான ரவுட்டர். மின்சாரம் போனால் யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்பது அதற்கு மறந்துவிடும். மறுபடி விழித்ததும், முதலில் வந்து கேட்பவருக்கு முதல் எண். கடையில் பிரிண்டரைப் பொருத்திய அன்று அது முதலில் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் சாமிப் பாட்டு முதலில் வந்தது. மாலையில் நான் பிரிண்டரை முதலில் போட்டபோது இடம் திரும்பக் கிடைத்தது. என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

"என்னத்துக்குச் சிரிக்கிறீர்?" என்றார் அன்ரி.

"அன்ரி, மாஸ்டர் பொய் சொல்லல. நீங்க அனுப்புன கொத்தெல்லாம் சாமிப் பாட்டுக்குப் போயிருக்கு."

அன்ரி நெஞ்சில் கை வைத்தார். "சிவ சிவா! வெள்ளிக்கிழமையில மட்டன் கொத்தோ?"

கூட்டம் குறைந்ததும் இருவரையும் கூப்பிட்டு விளக்கினேன். வகுப்பில் படித்த சொற்கள் எதுவும் வேலைக்காகவில்லை. எப்படியோ பஸ் ஞாபகம் வந்தது.

"பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்போம்ல? பிரிண்டர் துண்டே போடாம தினம் அதே சீட்டுல உக்காந்திருந்திருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் பாட்டுப்பெட்டி முதல்ல ஏறி அந்த சீட்டுல உக்காந்துடுது. கல்லா ஆளைப் பாக்காது, இடத்தோட நம்பரைத்தான் பாக்கும்."

"நாங்கள் லேஞ்சி போட்டுத்தான் பிடிக்கிறது" என்றார் அன்ரி. லேஞ்சி என்றால் கைக்குட்டை. "ஒருக்கா என்ர லேஞ்சியை எறிஞ்சுபோட்டு ஒருத்தி இருந்திட்டாள். நான் விட்டனானோ?"

"நீங்க விட்ருப்பீங்களாக்கா?" என்றார் மாஸ்டர்.

அன்ரி அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "அப்ப பாட்டுப்பெட்டியைக் கடைசியாப் போட வேணுமோ? அது சரிவராது தம்பி. எங்கட வீட்டில எப்பவும் சாமி முதல்."

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஒரு பெட்டிக்கு ஞாபகசக்தி இல்லை என்பதற்காக ஒருவர் தன் வெள்ளிக்கிழமையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. "நீங்க மாத்த வேணாம் அன்ரி. பிரிண்டருக்கு நான் நிரந்தரமா லேஞ்சி போட்டு வைக்கிறேன். யாரு முதல்ல வந்தாலும் அந்த இடம் அதுக்குத்தான்."

அதற்கு ரவுட்டருக்குள் நுழைய வேண்டும். கடவுச்சொல் அதன் மேலேயே ஸ்டிக்கரில் இருக்கும் என்று புத்தகத்தில் வாசித்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் ஸ்டிக்கர் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. விஜயதசமிக்கு வைத்தது. எழுத்து இருக்கிற பக்கம்தான் முகம் என்று அன்ரி நினைத்திருக்கிறார்.

நான் நகத்தால் சுரண்டினேன். "மெல்ல, மெல்ல! சாமிக்கு வைச்சது. கீழ விழுத்தாதையும்" என்று அன்ரி இரண்டு கையையும் அடியில் ஏந்தி நின்றார். மாஸ்டர் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் துணியும் கொண்டுவந்தார். மூன்று தலைகளும் அந்த ஸ்டிக்கர் மேல் குனிந்திருந்தன. கடைசி எழுத்து மட்டும் பிடிபடவில்லை. அது எட்டு என்றார் மாஸ்டர். மூன்று என்றார் அன்ரி. அந்தச் சண்டையும் ஆரம்பமாவதற்குள் இரண்டையும் அடித்துப் பார்த்தேன். மூன்று.

"பாத்தீரோ?" என்றார் அன்ரி.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. அப்ப சீட்டு வராததும் தெரிஞ்சிருக்கணும்ல?" என்றார் மாஸ்டர், அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டே.

பிரிண்டருக்கென்று அந்த எண்ணைப் பூட்டி வைத்தேன். இனி ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். "பொறும் தம்பி, இந்தப் பாட்டு முடியட்டும்" என்றார் அன்ரி. காத்திருந்தேன். முடிந்தது. ரவுட்டர், பாட்டுப்பெட்டி, பிரிண்டர் மூன்றையும் அணைத்துவிட்டு, அன்ரியின் வரிசைப்படியே சாமிப் பாட்டை முதலில் போட்டேன். பிரிண்டரைக் கடைசியில்.

"கீச்!"

"வந்துருச்சுடா!" என்று உள்ளேயிருந்து மாஸ்டர் கத்தினார்.

அன்ரிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மறுபடி மறந்துவிடாதா, மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். யாராவது என்னிடம் சந்தேகம் கேட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. பின்னால் கொத்துக் கரண்டி கல்லில் 'டக டக' என்று அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடையில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். மேடையில் வரிசையாக ஏழு தட்டு. நான்கு மட்டன் கொத்து, மூன்று நண்டுக்கறி. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு செருகியிருந்தது.

"என்ன செய்யிறீர்? ஆருக்கு இது?"

மாஸ்டர் கரண்டியைத் துடைத்தார். "சீட்டு வந்துச்சுக்கா. வந்தா செய்யணும்ல?"

அன்ரி சீட்டுகளை எடுத்து வாசித்தார். மத்தியானம் அவரே அடித்த ஆர்டர்கள். முந்தைய வாரங்களில் நான் கல்லாவையும் சேர்த்து அணைத்ததால் அனுப்பாத சீட்டெல்லாம் அதோடு போயிருந்தது. இந்த முறை கல்லாவைத் தொடவில்லை. போய்ச் சேராததையெல்லாம் அது பத்திரமாக வைத்திருந்து, முகவரி சரியானதும் மொத்தமாக அனுப்பிவிட்டது. அந்தச் சாப்பாடெல்லாம் ஏற்கெனவே பரிமாறி, சாப்பிட்டு, ஆட்களும் போயாயிற்று. மாஸ்டருக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தேதான், ஒரு சீட்டு விடாமல், மூச்சுக்காட்டாமல் சமைத்திருக்கிறார்.

அன்ரி சீட்டையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஓம், ஓம். வந்தா செய்வீர். இப்ப விளங்குது. வராததுக்குத்தான் நான் உம்மைப் பேசிப்போட்டன். பிழை என்னில."

"அதை நாலு பேரு முன்னாடி சொல்லுங்கக்கா. திட்டுனது நாலு பேரு முன்னாடிதான?"

"இரவு கடை நிரம்பட்டும், சொல்லுறன். போதுமோ?"

மாஸ்டர் கொஞ்சம் யோசிப்பதுபோல் நடித்துவிட்டு, தன் போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, அந்த ஸ்டேஷன் கடைக்காரருக்கு நாளைக்கு வரலைன்னு ஒரு மெசேஜ் போட்டுவிடு. மரியாதையா எழுது."

எழுதி அனுப்பினேன். அப்போதுதான் அங்கிள் கத்தரிக்காய்ப் பெட்டியோடு பின்கதவு வழியாகத் தலையை நீட்டி, சண்டைச் சத்தம் இல்லையென்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தார். மேடையைப் பார்த்தார்.

"ஆருக்கு இவ்வளவும்?"

அன்ரியும் அங்கிளும் வெள்ளிக்கிழமை சைவம். நானும் மாஸ்டரும் ஆளுக்கு ஒரு கொத்து சாப்பிட்டோம், நண்டுக்கறி ஒன்றைப் பங்கு போட்டோம். மிச்சத்தை என் அறைத்தோழர்களுக்கென்று அன்ரி பெட்டியில் போட்டுக் கட்டினார்.

"சரி, மாஸ்டர் நிக்கிறார்தானே?" என்று அங்கிள் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் நான் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான், முடிவில் இதில் எவ்வளவு நட்டம் என்று கேட்டார். அன்ரி கல்லாவுக்குப் போய் ஏழு தட்டின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, சாமிப் பாட்டுக்கு மேலாகச் சத்தமாகச் சொன்னார்.

நூற்று அறுபத்திரண்டு டாலர்.